ஓரக் குறிப்பு

கேள்வி பதினொன்று:
வேலையில் உங்கள் உடல் எவ்வளவு அசைகிறது?
பெரும்பாலும் உட்கார்ந்தபடி என்றால் ஒன்று.
நின்றும் நடந்தும், இரண்டு.
சுமை தூக்கினால் மூன்று.
மூச்சு வாங்க, வியர்க்க வியர்க்க, நான்கு.
பன்னிரண்டிலும் அதே நான்கு கட்டங்கள்,
ஓய்வு நேரத்துக்கு.

கட்டங்களை எண்ணாக்கித் தட்டுவது என் வேலை.
ஆர்ஹூஸ், மூன்றாம் மாடி, ஜன்னலோர நாற்காலி.
நாளைக்கு இருநூறு பெண்கள்.
பெயர் கிடையாது, வரிசை எண்ணும் பிறந்த ஆண்டும்தான்.
இருந்த இடத்திலிருந்தே
அவர்களை ஏணி ஏற்றினேன், நீந்த விட்டேன்,
முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்ட வைத்தேன்.

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
எஸ்பியர்க் துறைமுகம், மீன் ஆலை. பிறப்பு 1938.
பதினொன்றில் நான்கு.
அழுத்தியதில் பேனா தாளைக் கிழித்திருந்தது.
பன்னிரண்டில் ஒரு குறியும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால்:
ஓய்வு என்று எதைச் சொல்கிறீர்கள்?
ஐந்து மணிக்குச் சங்கு ஊதும்.
ஐந்தரைக்கு உருளைக்கிழங்கு கொதிக்க வேண்டும்.
இடையில் சைக்கிள், எதிர்க்காற்று.
அது எந்தக் கேள்வி?

ஓரத்துக்கு என் திரையில் இடமில்லை.
பதில் இல்லை என்றால் ஒன்பது.
ஒன்பதைத் தட்டினேன்.

பத்து வருடம் கழித்து
அதே எண், அதே பென்சில்.
ஹெர்ரிங் பெட்டி இருபத்தைந்து கிலோ,
ஒரு ஷிப்டுக்கு எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.
உடற்பயிற்சி செய்யுங்கள் என்கிறார் டாக்டர்.
சிரித்தேன்.
சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அந்த வாரம்தான் சாப்பாட்டு மேசையில்
கணக்குப் பார்க்கும் டோர்கில் சொன்னான்,
வரைபடம் விசித்திரமாக வருகிறது என்று.
பொழுதுபோக்கில் துடித்த நெஞ்சுக்கு ஆயுள் கூடுகிறது,
கூலிக்குத் துடித்ததற்குக் கூடவில்லை,
சில இடத்தில் குறைகிறது,
ஏனென்று இன்னும் பிடிபடவில்லை.
ஒரே நெஞ்சுதானே, என்றேன்.
யாரோ உப்பைக் கேட்டார்கள்.
எடுத்துக் கொடுத்தேன்.

என் விரல்கள்
நாளைக்கு முப்பதாயிரம் முறை குனிந்து நிமிர்கின்றன.
ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்.
எந்தக் கட்டத்திலும் சேராது.
நான் மாதிரியிலேயே இல்லை.

மூன்றாம் சுற்றில்
பதினொன்று: பொருந்தாது.
பன்னிரண்டு: மூன்று. அடித்து, இரண்டு. மறுபடி அடித்து, மூன்று.
ஓரம் நிறைய எழுத்து, கொஞ்சம் நடுங்கியது:
ஃபானோ தீவுக்குப் படகில் போகிறோம்,
நானும் இங்கெலிஸும், புதன்கிழமைகளில்.
மணலில் நடக்கிறோம், எதையும் தூக்காமல்.
முதல் நாள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சட்டைப்பைக்குள் போட்டேன், எடுத்தேன்,
கடைசியில் இரண்டு கல்லைப் பொறுக்கிக்கொண்டேன்.
இப்போது கல் வேண்டியதில்லை.
கீழே, தவறுதலாகவோ வேண்டுமென்றோ,
ஒரு கையெழுத்து: கெட்டி.

பெயர் வந்தால் மறைக்க வேண்டும், அது விதி.
கறுப்பு மைப் பேனாவை எடுத்தேன்.
மூடியைத் திறந்து, மூடி,
படிவத்தை அப்படியே கட்டில் செருகினேன்.
முப்பத்து மூன்று வருடத்தில்
நான் மீறிய விதி அது ஒன்றுதான்.
காப்பிக் கோப்பை பற்றிய விதியை விட்டுவிடுங்கள்.

இறந்த தேதிகள் தனிக் கோப்பாக வரும்,
எண்ணுக்கு நேராக எண்.
வேலையின் கடைசி நாளில் தேடிப் பார்த்தேன்.
4417-க்கு நேரே வெற்றுக் கட்டம்.
உயிரோடிருக்கிறாள் என்று பொருள்,
அல்லது நாட்டை விட்டுப் போய்விட்டாள் என்று.
எழுபத்தெட்டு வயதில் எங்கே போவாள்,
இங்கெலிஸை விட்டு?

அவள் ஒருத்தியை வைத்து
டோர்கிலின் கோட்டை நிமிர்த்தவும் முடியாது,
வளைக்கவும் முடியாது.
தெரியும். இந்த வேலையில் அது தெரியாமல் இருக்காது.
ஆனாலும் அந்த வெற்றுக் கட்டத்தின் மேல்
கர்சரைச் சற்று நேரம் துடிக்க விட்டேன்.

நாற்காலியில் என் உருவம் பள்ளமாகக் கிடந்தது.
மணி ஐந்து.
சைக்கிளை எடுத்தேன். எதிர்க்காற்று.
பதினொன்று பின்னால் போய்விட்டது,
பன்னிரண்டு இன்னும் வரவில்லை.